ஆணி அடிக்காத சுவர்கள்

முப்பத்தோராம் நாள் கிரியைக்காக மண்டூருக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, நீங்கள் அமர்ந்திருப்பது அம்மா பிறந்த வீட்டில். அம்மாவுக்குக் கிடைக்காத வீடும் இதுதான்.

எங்கள் வழக்கப்படி இது மூத்த மகளான பெரியம்மாவுக்குச் சீதனமாகப் போயிற்று. இளையவரான அம்மாவுக்காக இதே வளவின் பின்பக்கம் அத்திவாரம் வெட்டினார்கள். கல் வைக்கும் முன்னமே அவருடைய தந்தையார் காலமாகிவிட்டார். வெட்டிய குழியில் மாரிமழை நின்றதையும், அதற்குள் தவளை கத்தியதையும் அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவரும் ஊரில், வாவியில் வலை வீசிப் பிழைத்த அப்பா, களுவாஞ்சிக்குடியில் ஒரு வாடகை அறைக்கு மாப்பிள்ளையாக வந்தார். "உன்ட பொஞ்சாதிக்கு ஊடு இல்ல. நீ வாடகை ஊட்டுக்காரிக்குத்தான் மாப்பிள" என்று கூட்டாளிமார் கேலி செய்வார்களாம். அப்பாவும் சேர்ந்து சிரிப்பாராம். தங்கச்சி தவழும் வயதில் காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார்.

அதன்பின் அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார். வீடு பார்க்கப் போனால் அவர் முதலில் தேடுவது அடுப்பு வைக்க இடம். விறகுப் புகையில் சுவர் கறுக்கும் என்று எந்த வீட்டுக்காரரும் உள்ளே மூட்ட விடமாட்டார். வெளியே தகரம் சாய்த்து அவிப்பார். மாரி வந்தால் அடுப்பும் இல்லை, வியாபாரமும் இல்லை. வாடகைக்கு மட்டும் மாரி கிடையாது. கேட்ட வாடகையைக் கொடுக்க முடியாமல் வீடு மாறும்போது பழைய கடைகள் தூரமாகிவிடும். புதிய கடைகளைத் தேடி மறுபடியும் நடப்பார். என்றாலும் என் பள்ளிக்கூடத்தை விட்டுத் தூரமான வீட்டை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அது அந்தப் பிடிவாதத்தால் வந்தது.

வாடகைச் சுவரில் அம்மா ஓர் ஆணிகூட அடித்ததில்லை. சாமிப் படங்களும் மாலை போட்ட அப்பாவின் படமும் தகரப் பெட்டிமேல் சாய்ந்திருக்கும். "ஓட்ட போட்டுட்டுப் போனா நம்மளப் பத்தித்தான் கதைப்பாங்க" என்பார். வீட்டை விடும்போது சுண்ணாம்பு வாங்கிச் சுவரை வெள்ளையடித்து, கதவைப் பூட்டித்தான் திறப்பைக் கொடுப்பார். நாங்கள் இருந்த அடையாளமே எந்த வீட்டிலும் இராது.

எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டுத்திட்டம் பற்றி விசாரித்தேன். வீடு கட்டித் தருவார்கள், காணி நம்முடையதாக இருக்கவேண்டும் என்றார்கள். சாமான் விலை ஏறிய காலத்தில் வாடகையும் சேர்ந்து ஏறியது. காணி வாங்குவது கதையாகவே போயிற்று. அதற்குள் அம்மாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது.

கடைசியாக இருந்த வீடு, வீட்டுக்கார அக்கா தன் மகளின் சீதனத்துக்கென்று கட்டியது. மகளுக்குச் சம்பந்தம் சரிவரும்வரை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தார். நல்ல மனுசி. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு பின்னேரம் வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. மகளுக்கு ஆவணியில கலியாணம் வெச்சிரிக்கி. அம்மாவப் பாத்தா எனக்குப் பயமா இரிக்கி. இஞ்ச ஒண்டு நடந்து போனா, புதுப்புள்ள குடிவாற ஊடு இது."

செத்தவீடு நடந்தால் அந்த வருடம் அங்கே மணவறை வைக்கமாட்டார்கள். எனக்கு அது தெரியும். உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அவ சொல்றது சரிதானே மனே. அந்தப் புள்ள மணவறையில இரிக்கிற இடத்தில என்னைக் கிடத்துறதா? ஆசுப்பத்திரியில முடிஞ்சா நேரா சுடலைக்குக் கொண்டு போங்க."

"அப்படிக் கதைக்காதீங்க அம்மா."

"ஏன், கொஞ்சம் பொறுத்தா சுடலையில எனக்கும் ஒரு ஊடு கிடைக்கும். செத்தவளுக்கு ஆர் வாடகை கேக்கிற?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அம்மாவை ஒரு கூரைக்குக் கீழே வைத்து வழியனுப்பவேண்டும். வேலை முடிந்ததும் வீடு தேடி அலைந்தேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "ஆர் ஆர் இரிக்கப் போறீங்க?" அம்மாவுக்குச் சுகமில்லை என்றதும், சொந்தக்காரர் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

"அண்ணன், நீங்க என்னத்துக்கு நோயைச் சொல்றீங்க? படிச்சா பொய் சொல்ல மறந்திருமா?" என்று தங்கச்சி ஏசினாள். மறுநாள் பொய்யும் சொல்லிப் பார்த்தேன். நோயாளி இல்லாதவர்களிடம் அவர்கள் கேட்ட முற்பணம் என்னிடம் இருக்கவில்லை.

வீடு கிடைக்குமுன் அம்மா மட்டக்களப்பு ஆசுபத்திரியில் ஒரு விடியற்காலையில் கண்ணை மூடினார். பெட்டியை ஏற்றிய வாகனக்காரர், "எங்க தம்பி போற?" என்று கேட்டார். அப்போதுதான் பெரியம்மாவின் அழைப்பு வந்தது.

"மனே, பெட்டிய வேற எங்கயும் இறக்காத. இஞ்ச கொண்டு வா. இது எங்கட தாய்ர ஊடு."

இந்த வீடும் இப்போது பெரியம்மாவுடையது அல்ல. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, சமைக்கும் குசினியோடு சாய்த்து இறக்கிய பத்திக்குள்தான் அவர் படுக்கிறார். தான் இருக்கவே இடமில்லாததால்தான் நோயாளியான தங்கையை அழைக்கவில்லை என்று அவர் இன்னும் அழுகிறார். அன்று மகளிடம் கேட்கப் போனபோது, எனக்கு அக்கா முறையான அந்த மகள் கதிரைகளை வெளியே எடுத்து மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாராம்.

குருமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் வாகனத்தை ஏற்றினோம். ஏறியிருந்தவர்கள் சைக்கிள்களை ஓரமாக்கி இடம் விட்டார்கள். அம்மா இறுதியில் தாய்வீட்டு மண்டபத்தில் கிடந்தார். பின்னால், அவருக்கு வெட்டிய குழி தூர்ந்த இடத்தில், பந்தலுக்குக் கால் நட்டார்கள்.

எங்களுக்கு வழிவிட்ட பாதைக்காரர்களையும், முகம் சுளிக்காமல் அம்மாவைத் துடைத்துவிட்ட தாதிமாரையும், பந்தல் போட்டுச் சமைத்து இரவு விழித்திருந்த அயலவரையும், கதவைத் திறந்த பெரியம்மாவையும் அக்காவையும் உயிருள்ளளவும் மறவோம். வீட்டுக்கார அக்காவும் பாதையேறி வந்து கடைசிவரை நின்றார். "மாசம் முடியுமட்டும் இரிங்க புள்ள" என்று தங்கச்சியின் கையைப் பிடித்துச் சொன்னார். அவருக்கும் எங்கள் நன்றி. மகள் நன்றாக வாழட்டும். சுவர்களை வெள்ளையடித்துத் திறப்பைக் கொடுத்துவிட்டோம்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவின் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். மண்டபத்துக் கதிரையில் சாய்த்து வைத்தேன். பெரியம்மா சுத்தியலோடு வந்து, யாரையும் கேளாமல் நடுச்சுவரில் ஆணி அடித்தார். நீங்கள் நிமிர்ந்தால் தெரியும், அங்கேதான் அம்மா இருக்கிறார்.

நானும் தங்கச்சியும் நாளை புதிய வாடகை அறைக்குத் திரும்புகிறோம். அங்கே ஆணி அடிக்கக்கூடாது. அப்பாவின் படம் தகரப் பெட்டிமேல் சாய்ந்திருக்கிறது.

- மகன்