சுவருக்கு அப்பால் ஒரு முழம்

நாகானோ மலையோரத்து ஊரில் ஃபுசாயேவைப் பற்றி ஒரே பேச்சுதான்: வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். அறுபத்தெட்டு வயதில் ஒருமுறை கடித்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் தோட்டத்துக்குச் சுவர் எடுத்தபோது, எல்லையிலிருந்து ஒரு முழம் தன் மண்ணுக்குள்ளேயே தள்ளி எடுத்தார். பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சல் வரக் கூடாதாம். சுவருக்கு அப்பால் கிடந்த அந்த ஒரு முழத்தின் கோடியில், தலையில் கூட்டல் குறி கொத்திய எல்லைக்கல் இருந்தது. ஒருநாள் அவருடைய மண்வெட்டி பட்டு அதன் ஒரு முனை உடைந்தும் போயிருந்தது.

"சும்மாதானே கிடக்கு, நாலு பூச்செடி வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கினுயோ.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? வையுங்க," என்றாள் ஃபுசாயே. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

அன்றிலிருந்து குளிர்காலம் தோறும் கினுயோ போட்ட கீரை ஊறுகாய் ஒரு டப்பா வரும். வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஃபுசாயே ஏதாவது பலகாரம் வைத்து அனுப்புவாள். பதினோரு வருஷத்துக்கு முன் புருஷன் இறந்தபோது, மூன்று நாள் கூடவே இருந்து அவளைச் சாப்பிட வைத்தவளும் கினுயோதான்.

இந்த வருஷம் கினுயோ வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட முடிவு செய்தாள். நிலத்தை அளக்க சர்வேயர் வந்தார்; ஃபுசாயேவும் வந்து நின்றாள். நிலநடுக்கத்தில் சுவர் சாய்ந்து கிடந்தது.

"சுவர் யாரோடதும்மா?"

"அவங்களோடது. அவங்க வீட்டுக்காரர்தான் கட்டினாரு. இடிக்கற பொறுப்பும் அவங்களோடதுதான்," என்றாள் கினுயோ.

"எல்லை எங்க?"

"சுவர்தான் எல்லை."

ஃபுசாயேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கினுயோ-சான், அந்தச் செடிக்குப் பக்கத்துல கல்லு இருக்குமே..."

"எந்தக் கல்லு?"

சர்வேயர் செடியை விலக்கிப் பார்த்தார். கல் இல்லை, பள்ளம்தான் இருந்தது.

"பெருச்சாளி தோண்டியிருக்கும்," என்றாள் கினுயோ.

"பெருச்சாளி கல்லையுமா தூக்கிட்டுப் போகும்?" என்று சிரித்தார் அவர். கினுயோ சிரிக்கவில்லை. எல்லைப் பத்திரத்தில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரை ரெண்டு வீட்டிலிருந்தும் விழாமல் வீட்டை விற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஊறுகாய் டப்பாவோடு எல்லைப் பத்திரமும் வந்தது. "ஒரு முத்திரைதானே! நமக்குள்ள என்ன?" என்றாள் கினுயோ.

ஃபுசாயே பத்திரத்தைப் படித்துப் பார்த்தாள்; சுவர்தான் எல்லை என்று எழுதியிருந்தது. ஆனாலும் ஒரு முழ மண்ணுக்காக முப்பது வருஷப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்வதா? ஊறுகாயைக் கிண்ணத்துக்கு மாற்றினாள். பயறு பூசிய சோற்று உருண்டைகள் செய்து டப்பாவில் அடுக்கினாள். கினுயோவின் எதிரிலேயே குத்திவிடலாம் என்று முத்திரைக் கட்டையையும் பத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கினுயோவின் கொல்லைக் கதவோரம் ஊறுகாய்த் தொட்டி. கீரை படிந்து ஊற, மூடியை அழுத்திக்கொண்டு ஒரு கல். தலையில் கூட்டல் குறி. ஒரு முனை உடைந்திருந்தது.

கினுயோ வெளியே வந்தாள். ஃபுசாயே பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"அது... உங்க வீட்டுக்காரர் இறந்த வருஷம். செடிக்கு இடைஞ்சலா இருந்துச்சு. நல்ல கனமான கல்லு, தூக்கிப் போட மனசு வரல."

பதினோரு குளிர்காலம். அத்தனை வருஷமும் அந்தக் கல் அழுத்திய ஊறுகாயை, ருசி ருசி என்று தின்றிருக்கிறாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பாவி! இப்பக்கூட முத்திரை குத்தத்தான் வந்தேன்!"

"அப்போ குத்திடுங்களேன்," என்றாள் கினுயோ.

ஃபுசாயே டப்பாவைத் திறந்தாள். உருண்டைகளைத் தன் ஏப்ரனில் கொட்டிக்கொண்டாள். முத்திரை விழாத பத்திரத்தை மடித்து உள்ளே வைத்து மூடி நீட்டினாள்.

"வெறும் டப்பாவத் திருப்பற பழக்கம் எனக்கில்ல. சுவரு என் பொறுப்பு, நான் இடிச்சுக்கறேன். கல்லப் பிடுங்கினது நீங்க, திரும்ப நடறது உங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்து கிண்ணத்து ஊறுகாயைக் குப்பையில் கொட்டினாள். புருஷன் இறந்த வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். சாப்பிடச் சொல்லப் பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.