நடந்தே வந்த அத்தை

பாதையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்த ஜீப் அது. கொழுத்த சக்கரமும் தலைக்கு மேல் வரிசையாக விளக்குமாக, விடுமுறையைக் கழிக்க வந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறியது. காடுமேடெல்லாம் ஏறுமாம். அப்படிப்பட்ட வண்டி, காடுமேட்டையெல்லாம் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவில் நாங்கள் மலையிறங்கி வந்துகொண்டிருந்த பேருந்தின் முகத்தில் வந்து மோதியது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பொங்கல் விடுமுறை முடிந்து, கீழே உள்ள விடுதியில் என்னைக் கொண்டுபோய் விட அப்பாவின் தங்கை, என் அத்தை, கூட வந்தாள். மோதிய நொடியில் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் என்னைப் பிடித்தாள். முன்னிருக்கைக் கம்பி அவளுடைய இடது விலாவுக்குக் கீழே இடித்தது. எனக்கு மூக்கில் மட்டும் கொஞ்சம் இரத்தம் வந்தது.

ஓட்டுநரின் கால் இடுக்கில் மாட்டி நசுங்கியிருந்தது. ஒரு பெரியவருக்கு மண்டை உடைந்து சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அத்தையின் சேலையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டதால் ஆம்புலன்ஸ் இரண்டு வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. பக்கத்து ஊர் ஆட்கள் போர்வையும் மூங்கிலுமாக ஓடிவந்து டோலி கட்டினார்கள். அது எங்கள் மலையில் எல்லோருக்கும் கைப்பழக்கம். திண்ணனூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில் எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். முடியாதவர்களை டோலியில் போட்டுத் தோளில் சுமந்துதான் சாலைக்குக் கொண்டுவருவார்கள். அதில் படுத்துப் போனவர்கள் பலர் திரும்பி வந்ததில்லை. அதனால் நிற்க முடிகிற யாரும் அதில் ஏற மாட்டார்கள். ஏறினால் கேவலம் என்று ஒரு வீம்பு.

டோலி அத்தையிடமும் வந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. காலு நல்லாத்தான் இருக்குது, நடந்தே வாரேன். அந்தப் பெரியவரத் தூக்குங்க” என்றாள்.

நடந்தாள். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றாள். தை மாதக் குளிரில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டாள், என் பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தேன். மற்றவர்கள் டோலியில் போக என் அத்தை மட்டும் நடந்து வருகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆம்புலன்ஸில் போய் இறங்கியபோது ஆஸ்பத்திரியில் கூச்சலும் அழுகையுமாக இருந்தது. நர்ஸ் ஒருவர் எங்களிடம் வந்து என்ன அடி என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“எங்க அத்தைக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டு வளைவும் நடந்தே வந்தாங்க.”

நர்ஸ் அத்தையைப் பார்த்தார். அத்தை லேசாகத் தலையாட்டினாள். அதற்குள் உள்ளே யாரோ அலறவே, என் மூக்கைத் துடைத்துப் பஞ்சு வைத்துவிட்டு ஓடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

பெஞ்சில் அத்தை என் தோளில் சாய்ந்தாள். “வயிறு கல்லாட்டம் இருக்குது கண்ணு” என்றாள். பிறகு தூக்கம் வருகிறது என்றாள். அவள் தூக்கம் கலையக்கூடாதென்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த நர்ஸ் அத்தையின் கையைத் தொட்டதும் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மண்ணீரல் கிழிந்து இரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே தேங்கிவிட்டதாம். வந்தவுடனே தெரிந்திருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மண்ணீரல் என்றால் மண்ணில் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து நடந்ததைக் கேட்டார்கள். அத்தை டோலி வேண்டாம் என்றதை, வழியில் நின்று நின்று நடந்ததை, ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொம்பளை நெஞ்சழுத்தக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அதில் பங்கு இருப்பதுபோல் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் நானே கூப்பிட்டு முதலிலிருந்து சொன்னேன்.

நான் சொல்ல ஆரம்பித்தால் அப்பா மட்டும் எழுந்து மிளகுக்கொடிப் பக்கம் போய்விடுவார். நான் சொல்வது அவர் காதில் விழவில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.