கிணற்றில் தண்ணீர் ஊற்றிய ஆரோக்கியம் அண்ணா

ஆரோக்கியம் அண்ணா இன்று காலை போய்விட்டார். சூரமங்கலத்திலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னார். நெஞ்சுவலியாம்...

ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். சங்ககிரியில் எங்கள் லாரி ஆபீசுக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெரிய ஆயில் பெயிண்டிங்கைப் பார்த்திருப்பீர்கள். வரைந்தவர் அவர்தான்.

நான் கேட்டது வேறு. பின்னால் கோட்டை மலை, முன்னால் பச்சை வயல், நாலு தென்னை... காலண்டரில் வருமே, அந்த மாதிரி.

அவர் நாலு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பாசஞ்சர் பிடித்து வந்து, நாங்கள் எப்போதோ விற்றுவிட்ட கடலைக்காட்டில் குடை விரித்து உட்கார்ந்தார். ஆடு மேய்க்கிறவர், பக்கத்துக் காட்டுக்காரர், எல்லாரிடமும் பேச்சு. கிணறு எப்போது வற்றியது, யார் எத்தனை அடி போர் போட்டார்கள், யார் காட்டை விற்று லாரி எடுத்தார்கள்... இந்த ஊர் லாரி ஊர் ஆன கதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

கொண்டுவந்த படத்தில் பச்சையே இல்லை. மலை, காய்ந்த கடலைக்காடு, முன்னால் எங்கள் கிணறு. அதன் அடியில் வெறும் பாறை.

போதாக்குறைக்கு வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, வறண்ட கிணற்றைத் தலைக்குப் பின்னால் மாட்டினால் தொழில் படுத்துவிடும் என்று கிளப்பிவிட்டார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கெணத்துல கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திக் குடுத்துருங்க" என்றேன்.

படத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார். "படத்துல ஊத்தறதுக்கு என்னங்க தம்பி, ஊத்தீரலாம்."

ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். கிணறு நிறைய நீலத் தண்ணீர். நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன். என் புத்தி!

அப்புறம் ஒருநாள் அப்பா ஆபீசுக்கு வந்தார். அந்தக் காட்டை விற்று எங்கள் முதல் லாரியை எடுத்தவர். படத்தின் முன்னால் அப்படியே நின்றார்.

"ஏண்டா, இத்தன தண்ணி கெடந்திருந்தா நானெதுக்குடா காட்ட வித்து லாரி எடுக்கறேன்?"

சுருக்கென்றது. மறுநாளே அண்ணாவைக் கூப்பிட்டுப் பழையபடி மாற்றித் தரச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம், சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்தபோதும் எனக்கு வாய் வரவில்லை... டீ குடித்தார், அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசினார், படத்தின் பக்கம் திரும்பாமலே கிளம்பினார்.

இந்தப் பதிவில் போடலாம் என்று மதியம் படத்தை இறக்கித் துடைத்தேன். கீழ் மூலையில் முன்பு அவர் பெயர் எழுதியிருந்தது. முதல் தடவை கொண்டுவந்தபோது நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது இல்லை. அந்த இடத்தில் மண் நிறம் பூசியிருக்கிறார். தண்ணீர் ஊற்றிய அதே வாரம்தான் செய்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாளை காலை அடக்கம். அப்பாவும் வருகிறார்.

மன்னிச்சுக்கங்க அண்ணா... போயிட்டு வாங்க.