தாமல் ஏற்றமும் அண்ணன் பொருத்திய டர்போவும்

அன்று தாமல் ஏரிக்கரை ஏற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வண்டியின் முன்பக்கம் இடது ஓரத்தில் எங்கள் அண்ணன், நடுவில் தாமல் லாரிக்காரர் ஏழுமலை, ஸ்டியரிங்கில் நான். பின்னால் அரிசி மூட்டைகளின் மேல் லேத் பட்டறை ரஹீம் பாய். கரைமேல் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் மகள் செல்வி. எங்களோடு வேறு யாரும் இல்லை.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அன்று நடந்ததைப் பற்றி உறவினர்களும் அண்ணனின் மெக்கானிக் ஷெட் பக்கத்து நண்பர்களும் நம்பிக்கொண்டிருப்பது தவறு. அதைத் திருத்தாமல் அண்ணனின் இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதலாமா என்று அண்ணியிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை, "எழுதிட்டுத் தூங்குப்பா" என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைச் செல்வி திருத்தியிருக்கிறாள். மீதிப் பிழை என்னுடையது.

அண்ணன் ஓரிக்கையில் பிறந்தவர். எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, அடுத்தவர் கழனியில்தான் கூலி வேலை. பதினான்கு வயதில் அண்ணன் லாரி ஷெட்டில் சேர்ந்து டீசலில் நட்டு போல்ட் கழுவினார். அந்தக் கூலியில்தான் அக்காவின் திருமணம் நடந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் தனியாக ஷெட் போட்ட இரண்டாம் வருடம் கியர்பாக்ஸ் விழுந்து முழங்கால் மடங்காமல் போனது. அதிலிருந்து அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஷெட்டின் இரைச்சலில் காதும் மந்தமானது. இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே கோளாறைச் சொல்லுவார். சொன்னது தவறியதில்லை.

என் வண்டி சின்ன லாரி, நான்கு சிலிண்டர் இன்ஜின். லோடு ஏற்றினால் மேம்பாலத்தில் மாட்டுவண்டி போல் போகும். "டர்போ போட்டுடலாம்டா" என்றார் அண்ணன். வீணாகப் போகும் புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சிறிய சக்கரம் அது. பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கினார். அதை இன்ஜினோடு சேர்க்கும் இரும்புத் தகட்டை ரஹீம் பாய் கடைந்து கொடுத்தார். ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய், காற்றைக் குளிரவைக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், எனக்கு எதிரே அழுத்தம் காட்டும் மீட்டர். இருபது நாள் வேலை.

நானோ, "ஹெட்டு போய்டுமாண்ணா? பிஸ்டன் உருகிடுமாமே? லோன் டியூ இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுண்ணா" என்று தினமும் அரித்தேன்.

"ஏன்டா, கல்யாணத்துக்கு முன்னாடியே விவாகரத்து பேசிக்கினு இருக்கற?" என்று சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "சின்ன இன்ஜின்பா. பேராசைப்பட்டா வெடிக்கும்தான். அதான் காத்து அழுத்தத்த ஏழு பவுண்டுல நிறுத்தி வச்சிக்கிறேன். அதுக்கு மேல போனா ஒரு வால்வு தானா தொறந்து உட்டுடும். பத்து நாள் பறக்கறதுக்கு இல்ல, பத்து வருஷம் ஓடறதுக்கு. ஏத்தம் ஏறினதும் ஒடனே ஆஃப் பண்ணாத. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட உடு, டர்போ சூடு ஆறட்டும்."

வேலையைப் பார்த்து ஏழுமலையும் தன் வண்டிக்கு அதையே போடச் சொல்லிப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். அண்ணன் அவருக்காக இரண்டாவது டர்போவைப் பாதி கடனில் வாங்கி வைத்தார். ஏழுமலை கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் அன்று லோடோடு தாமல் போனோம்.

ஏற்றம் தொடங்கியதும் டர்போ மெல்ல விசிலடித்தது. அண்ணன் மீட்டரையே பார்த்துக்கொண்டு, "மிதிடா" என்றார்.

"மிதிச்சிட்டண்ணா."

"முழுசா மிதி."

"முழுசாதாண்ணா இருக்குது."

இல்லை. இன்ஜின் உருகிவிடுமோ என்ற பயத்தில் என் கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. முள் இரண்டு பவுண்டைத் தாண்டவில்லை. பின்னால் வந்த டிராக்டர் எங்களை முந்திப் போனது. "இன்னா மெக்கானிக்கே, இது டர்போவா, டேபிள் ஃபேனா?" என்றார் ஏழுமலை. மூட்டைமேல் இருந்த ரஹீம் பாய்கூடச் சிரித்துவிட்டார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அண்ணன் பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு முறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஷெட்டில் நிற்கும்போது பாரம் இல்லாததால் முள் ஏறாது, ரோட்டில்தான் தெரியும். வேறு ஒருவர் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார். என் வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில், "என் கையிலதான்டா எங்கியோ தப்பு" என்றார். அதற்குப் பிறகு இன்ஜின் வேலை எதையும் அவர் ஏற்கவில்லை. பிரேக், ஆயில் மாற்றுவது, அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு போனேன். "அண்ணா, அந்த ஏத்தத்துல..." என்று ஆரம்பித்தேன். "உடுப்பா. வண்டி நிக்காம ஓடுதில்ல? அது போதும்" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டலோடு நானும் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் ஷெட்டில் அவருக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் ஏழுமலையையும் செல்வியையும் வண்டியில் உட்கார வைத்து, அதே அளவு லோடோடு அதே ஏற்றத்துக்குப் போனேன். கால் அடியில் தட்டும்வரை மிதித்தேன். முள் மூன்று, ஐந்து என்று ஏறி, ஏழில் நின்றது. அண்ணன் சொன்ன இடத்தில், ஒரு கோடுகூடத் தாண்டாமல். மூன்றாவது கியரிலேயே கரை ஏறிவிட்டோம். செல்வி மீட்டரையே பார்த்து அழுதாள். மேலே நிறுத்தி இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். பிறகு ஏழுமலை கேட்டார்: "அவுரு இருக்கும்போது மிதிச்சிருக்கலாமில்லப்பா?"

இந்த மலரைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் அண்ணனின் கடைசிப் பெரிய வேலை தோற்றது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். தோற்றது என் கால்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற ஷெட் பக்கத்து ஆட்டோக்காரர்களுக்கும், ஈமக்கடன் முடியும்வரை பட்டறையைப் பூட்டிவிட்டு எங்களோடு இருந்த ரஹீம் பாய்க்கும், பதினாறு நாளும் அண்ணியை விட்டு நகராத ஓரிக்கை உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏழுமலைக்கு வாங்கிய டர்போ சாக்கில் சுற்றியபடி ஷெட்டிலேயே இருக்கிறது. இப்போது அவரே அதைத் தன் வண்டியில் பொருத்தச் சொல்லியிருக்கிறார். பழைய சாமான் கடைக்காரர் அந்த டர்போவுக்கான பாக்கியைக் கேட்டதே இல்லை. அண்ணன் பெயரில் அவர் நோட்டில் இருந்ததை நான் அடித்து, என் பெயரை எழுதச் சொன்னேன். மாதாமாதம் கட்டி வருகிறேன். இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.