கொடியில் காணாத ஜெர்சி

எங்கள் மலையில் பந்து ஆடுவது மூன்று மாதம், பந்தைப் பற்றிப் பேசுவது ஒன்பது மாதம். காப்பிப் பழம் பறித்து முடித்து, மாசியில் கை ஓய்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். வைகாசி மழை மைதானத்தைச் சேறாக்கியதும் முடிந்துபோகும். எஸ்டேட்டும் ஊருமாகச் சேர்ந்து ஏழெட்டு டீம். யார் ஜெயித்தார்கள் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். அடுத்த வருஷம் யார் எந்த டீமுக்குத் தாவுகிறார் என்பதுதான் மழைக்காலம் முழுவதற்கும் வாய்க்குத் தீனி.

இந்தச் செய்திகளுக்குப் பத்திரிகை கிடையாது. துணி காயப்போடுகிற கொடிதான் பத்திரிகை. ஆட்டக் காலம் முடிந்ததும் அவரவர் ஜெர்சியை அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் எஸ்டேட்டின் வழக்கம். வைத்துக்கொண்டால் அடுத்த வருஷமும் நம் ஆள். வேறு டீமுக்குப் போகிறவர் அதைத் துவைத்து மடித்து கிளப் செக்ரட்டரியிடம் கொடுத்துவிடுவார். கடிதமும் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். மலை மழையில் பெட்டிக்குள் வைத்த துணி பூசணம் பிடித்துவிடும் என்பதால், இருக்கிறவர்கள் எல்லாரும் ஜெர்சியை வாசலில் கூரைக்கு அடியில் கட்டிய கொடியில் போட்டுவைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கொடிகளைப் படித்துக்கொண்டே நடப்பார்கள்.

ஒரு வருஷம் ஏழாம் நம்பர் ஜெர்சியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய், அது செம்மநத்தம் போகிற வழியில் ஒரு மரத்தடியில் கிடந்தது. ஏழாம் நம்பர்காரர் செம்மநத்தம் டீமில் சேர்ந்துவிட்டார் என்று மலை முழுக்க ஒரு மாதம் பேசினார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்த மனிதர், கடைசியில் அலுத்துப்போய் உண்மையாகவே செம்மநத்தத்தில் சேர்ந்துவிட்டார்.

என் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் டீமின் கோல்கீப்பர். சேலம் பக்கத்திலிருந்து பந்துக்காகவே அழைத்து வரப்பட்டு, எங்கள் ஒற்றை அறை வீட்டில் எங்களோடு தங்கியிருந்தார். எஸ்டேட் ஸ்டோரில் அவருக்குத் தற்காலிக வேலை. ஆடி மாதம் நிரந்தரம் ஆகிறவர்களின் பெயர்ப் பட்டியல் போகும், அதில் மாமா பெயர் இருக்கும் என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற பெரிய ரைட்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ரைட்டர்தான் கிளப் செக்ரட்டரியும். பெயர் ஏறாவிட்டால் மாமா மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். நான் பள்ளிக்கூடத்துக் கதையைத் தொடங்கினால் முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் வீட்டில் அவர்தான். அவர் போய்விடுவார் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மற்ற பத்துப் பேருக்கும் பருத்தி ஜெர்சி. கீப்பருக்கு மட்டும் கம்பளி. அடர்ந்த பச்சை நிறம், முதுகில் பெரிய ஒன்று. தினமும் காலை ஏழு மணிக்கு மாமா அதைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். அப்பாவும் அம்மாவும் அவரோடேயே கிளம்பிவிடுவார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. போன வருஷத்து ஸ்வெட்டர் எனக்குச் சிறிதாகி, தம்பிக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்குவதைப் பற்றி அம்மா, பழம் பறிக்கட்டும், பார்க்கலாம் என்றார். பழம் பறிக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பள்ளிக்கூடம் இரண்டு மைல். வழியில் ஒரு வளைவில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வரும். அந்த இடத்தில் பல் தந்தியடிப்பதை நிறுத்த முடியாமல் ஒரு நாள் அழுதேவிட்டேன். மறுநாள் காலை, எல்லாரும் போன பிறகு, எக்கி நின்று ஜெர்சியைக் கொடியிலிருந்து இழுத்தேன். பாவாடை சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கைகளை ஏழெட்டு மடிப்பு மடித்து, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பட்டன் போட்டேன். உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். அன்று அந்த வளைவில் நின்று பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்தேன். அப்படி ஒரு கதகதப்பு.

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து ஜெர்சியை முன்போலவே கொடியில் போட்டுவிடுவேன். ஐந்து மணிக்கு வருகிற மாமா அதை எடுத்து மடித்து வைப்பார். காலையிலும் மாலையிலும் லைனையே மூடுபனி மூடிக்கிடக்கும். எதிர் வீடுகூடத் தெரியாது. என்னை யாரும் பார்த்துவிட முடியாது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

பனி விலகிய பிறகு, பகல் முழுவதும் எங்கள் வீட்டுக் கொடி காலியாகக் கிடந்ததை நான் யோசிக்கவில்லை. எதிர் வீட்டு அத்தை யோசித்தார். எங்களுக்கு உறவு ஒன்றுமில்லை, வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைப் பார்த்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவர் வயிற்றில் ஒரு சேதி அரை நாள் தங்காது.

திங்கட்கிழமை, கீப்பர் ஜெர்சி கொடியில் இல்லை. புதன்கிழமை, கீப்பர் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாரமங்கலம் பஸ்ஸில் அந்தச் செய்திக்குக் கால் முளைத்தது. மேல் எஸ்டேட்டில் மாமாவுக்கு ஜீப் டிரைவர் வேலையாம். மாமாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அடுத்த வாரம் இரண்டு அறை வீடும் கரண்ட்டும் சேர்ந்துகொண்டன. அதற்கு அடுத்த வாரம், அந்த எஸ்டேட் மேஸ்திரியின் மகளைப் பேசி முடித்தாகிவிட்டது என்று, களை வெட்டுகிற இடத்தில் அம்மாவிடமே வந்து சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா, பொண்ணெல்லாம் பாத்தாச்சாமா? கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உனக்கு?"

"எனக்கே இப்பத்தானுங்க்கா தெரியுது. பொண்ணு எப்படி இருக்குதாமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரைட்டர் தலைச்சோலையிலிருந்து ஒரு கீப்பர் பையனைப் பார்த்து வைத்திருக்கிறார், பட்டியலில் அவன் பெயர்தான் ஏறப்போகிறது என்பதும் அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. மாமா வாசலைக் காட்டினார். அங்கே ஜெர்சி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு இன்னும் குழப்பம்.

"பகல் பூரா கொடி வெறுங்கொடியாக் கெடக்குதுன்னு எதிரூட்டுக்காரி சத்தியம் பண்றாளே."

மாமா ஜெர்சியின் கையை விரலால் தடவிப் பார்த்தார். நான் மடித்து மடித்து விட்ட தடம் கம்பளியில் பதிந்திருந்தது. பிறகு அதை எடுத்து மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

என்னால்தான் இவ்வளவும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் ஜெர்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இருமல் வந்தது. மாமாவா குளிரா என்று பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, குளிர்தான் ஜெயித்தது. அன்று காலை கொடி தாழ்ந்திருந்தது. எக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஜெர்சி என் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. மழையில் கயிறு தொய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை சம்பள நாள், எல்லாரும் மத்தியானமே வீடு திரும்பியிருந்தார்கள். அரை நாள் பள்ளி முடிந்து லைனுக்குள் நுழைகிறேன், எங்கள் வாசலில் கூட்டம். ரைட்டர் குடையை ஊன்றி நிற்கிறார். சுற்றிலும் டீம் ஆட்கள் நாலைந்து பேர், எதிர் வீட்டு அத்தை, அப்பா, அம்மா. நடுவில் மாமா. தலைக்குமேல் வெறுங்கொடி.

ரைட்டர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"ஊரு ஆயிரம் பேசட்டும்ப்பா. ஜெர்சியக் கண்ணுல காட்டு, உம்பேர எழுதிக்கறேன். இல்லீன்னா தலைச்சோலைப் பையன் பேர எழுதோணும். திங்கக்கிழமை லிஸ்ட்டு ஆபீசுக்குப் போகோணும், பாத்துக்க."

மாமா கொடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதோ இருக்கிறது என்று அப்பா சட்டையின் பட்டனைக் கழற்றிக் காட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் அத்தனை பேர் நடுவில், எஸ்டேட் ஜெர்சியைத் திருடிப் போட்டுக்கொண்ட பிள்ளையாக நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"காத்தால போட்டனுங்க. எங்கியோ கை மறதியா எடுத்து வெச்சுட்டன் போலிருக்குதுங்க" என்றார் மாமா.

"அப்ப, தேடு."

மாமா உள்ளே போனார். எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பரண், நாலு பாத்திரம். அவ்வளவையும் உருட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. அரிசிப் பானையின் மூடியைக்கூடத் திறந்து மூடினார். அரிசிப் பானைக்குள் ஜெர்சி இருக்காது என்பது எனக்கே தெரியும். வெறுங்கையோடு வெளியே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "காணலீங்க" என்றார்.

ரைட்டர் என் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்கூடம் உட்டாச்சா, கண்ணு?"

"உட்டாச்சுங்க."

"குளுருதா சாமி?"

"இல்லீங்க" என்றேன். அது பொய்யே இல்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிர் வீட்டு அத்தை வாயைத் திறந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்க. எங்கூட்டுலகூட ஒரு துண்டக் காணோம். நொம்பத் தொந்தரவுங்க இந்த எலி" என்றார் அத்தை.

"வெச்ச எடமே தெரியாதவன், பந்து வர்ற எடத்த எங்க பாக்கறது" என்றார் ரைட்டர். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "சரி, திங்கக்கிழமை காத்தால வேலைக்குப் பேர் கூப்படறப்பக் கொண்டாந்து காட்டு. தேடுனாக் கெடைக்கும்." அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கூட்டமும் கலைந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அத்தை ஒரு நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். மகனுக்குச் சின்னதாகிவிட்டது, வீட்டில் கிடந்தால் எலிதான் தின்னும், இவளாவது போடட்டும் என்றார். எனக்கு அது கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அவர் மகன் என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதும், எனக்கே தொளதொளத்த ஸ்வெட்டர் அவனுக்கு எப்படிச் சின்னதானது என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. யாரும் பார்க்காமல் நான் கொடியில் திரும்பப் போட்ட ஜெர்சி திங்கட்கிழமை கிடைத்துவிட்டது. மாமா பெயர் பட்டியலில் ஏறியது. தலைச்சோலைப் பையன் மேல் எஸ்டேட் டீமுக்குப் போய், அடுத்த வருஷம் எங்களையே தோற்கடித்தான்.

ஜீப்பும் கரண்ட் வீடும் மேஸ்திரி மகளும் ஒரே நாளில் மறைந்துபோயின. வதந்தி என்றால் அப்படித்தான், மழை மாதிரி தானாகவே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்கு மட்டும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. எந்த மைதானத்தில் நின்றாலும், "கீப்பர், பந்த எங்க வெச்சே?" என்று எதிர் டீம் ஆட்கள் கத்துவார்கள். கை தளர்ந்து ஆட்டத்தை விடும்வரை அந்தக் கேலியை அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் பன்னிரண்டாவது முடிக்கும்வரை என் புத்தகப் பையும் செருப்பும் அவருடைய ஸ்டோர் வேலையிலிருந்துதான் வந்தன. ஜெர்சியை எடுத்ததைச் சொல்லி அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும், எந்த ஜெர்சி என்று கேட்டிருப்பார்.

தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் அம்மாவிடம்தான் முதன்முதலாக வாயைத் திறந்தேன். ஒரு ரகசியம் சொல்கிறேன் என்று தொடங்கினேன். அம்மா பிள்ளைத் துணியை மடித்தபடியே கேட்டுவிட்டு, "அதா? அது அல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ பைய இறுக்கிப் புடிச்சுட்டு நின்னியே, அப்பன் சட்டைக் கைக்குக் கீழ மடிப்பு அவுந்து பச்சைக் கை ஒரு சாண் தொங்கிட்டு இருந்துச்சு. ரைட்டரு பாத்தாரு, எதிரூட்டுக்காரி பாத்தா, பந்தாடற பசங்க அத்தனை பேரும் பாத்தாங்க."

"ஒருத்தரும் சொல்லலையே?"

"குளுருக்குப் புள்ள போட்டுக்கிட்டதப் போயி யாராச்சும் பேச்சாக்குவாங்களா?"

குரங்கு தூக்கிப்போன ஜெர்சியை ஒரு மாதம் பேசிய மலை அது. ஒன்றுக்கு நாலாகத் திரித்து பஸ் ஏற்றி அனுப்புகிற வாய்கள். அத்தனை வாயும் அந்த ஒரு சாண் பச்சையை, எனக்குப் பிள்ளை பிறக்கும்வரை, என் காதுபட ஒரு தடவைகூடப் பேசவில்லை. எதிர் வீட்டு அத்தையும் ரைட்டரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்று அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம், எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன் என்பது மட்டும்தான்.