இருபத்து நான்கா, இருபத்தைந்தா

மணிமுத்தாற்றிலிருந்து பேருந்து மலையேறத் தொடங்கியதும் மதினி முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். மேலே போய்ச் சேரும்வரை அந்தப் பிடி தளராது. என் அண்ணனைக் கட்டி மலைமேலிருந்த தேயிலை எஸ்டேட்டுக்குப் போன நாள் முதல் அவருக்கு அந்தப் பாதை பயம். எஸ்டேட்டை மூடி, வேலையிழந்த அண்ணனோடு கீழே எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பயம் கணக்குப் பாடத்தின்மேல் திரும்பியது. நானும் அவரும் அரசு வேலைக்கான குரூப் நான்கு தேர்வுக்குச் சேர்ந்து படித்தோம். வயது வரம்பின்படி அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. வீட்டில் நிலையான சம்பளம் யாருக்கும் இல்லை.

சராசரி வேகக் கணக்குதான் அவருக்கு வரவே வராது. இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேருந்தையே கணக்காக்கினேன். ஏறும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர், அதே பாதையில் இறங்கும்போது முப்பது. சராசரி வேகம் என்ன? "இருபத்தஞ்சு" என்றவர் உடனே தலையை ஆட்டினார்.

"இல்லட்டி. ஏறும்போது உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கோம்! எறக்கம் சீக்கிரம் முடிஞ்சிருதுல்லா. ரெண்டும் எப்படிச் சமமாகும்?"

மெதுவாகப் போகும் நேரம் அதிகம். விடை அந்தப் பக்கம் சாயும். இருபத்து நான்கு. அதன்பின் அவர் தவறவே இல்லை.

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் தேர்வு. இருவருக்கும் ஒரே அறை. கேள்வி அதே எண்களோடு வந்தது. ஆனால் தூரத்தில் பாதி அல்ல. பயண நேரத்தில் பாதி இருபது, மறுபாதி முப்பது. நேரம் சமமானால் இருபத்தைந்துதான் விடை. இருபத்து நான்கையும் ஒரு விடையாகக் கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் மதினியின் முதுகைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ஓடி வந்தார். "ஏட்டி, நம்ம பஸ்ஸு வந்துட்டுல்லா! இருபத்து நாலு! நீ?"

"இருபத்தஞ்சு, மதினி."

"ஏட்டி கூறுகெட்டவளே! சொல்லிக் குடுத்தவளே மறந்துட்டியா?"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் வினாத்தாளை விரித்துக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார். 'நேரத்தில்' என்ற சொல்லில் விரல் நின்றது. பத்தமடையைத் தாண்டிச் சமதரையில் வண்டி போய்க்கொண்டிருந்தது. மதினி கம்பியைப் பிடித்திருந்தார். "உங்கண்ணன்ட்ட சொல்லாத" என்றார்.

தேறியவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் பட்டியல் ஒரு காலையில் கைப்பேசியில் வந்தது. மதினி எனக்கு முதுகு காட்டி அடுப்படியில் நின்றார்.

"பாத்துட்டியா? சொல்லாத." அடுப்பைத் தணித்துவிட்டு, "பைய சொல்லு."

"உங்க நம்பரு இருக்கு, மதினி."

திரும்பவில்லை. "இன்னொருக்கப் பாரு."

பார்த்தேன். எண்ணைப் படிக்கச் சொன்னார். ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

"உன் நம்பரு?"

அதுவரை அதைத் தேடத் தோன்றவே இல்லை. பட்டியலை மறுபடி முதலிலிருந்து நகர்த்தினேன். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.