சீரில் போன டைம்பீஸ்

எங்கள் வீட்டில் நகைச்சுவை உணர்ச்சி அண்ணனுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. அதன் பின்விளைவுகளை மற்ற மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். பெரும்பங்கு எனக்கு. கடைக்குட்டிகளின் ஜாதகம் அப்படி.

தாம்பரத்தில் நாங்கள் படித்த பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ப்ளஸ் டூ முடித்துப் போகிறவர்களுக்கு ப்ளஸ் ஒன்காரர்கள் கேக்கும் மிக்சரும் கொடுத்து விடை தருவார்கள். தின்றுவிட்டுச் சும்மா போனால் நன்றாயிருக்காது என்று, போகிறவர்கள் பதிலுக்குச் சீர்வரிசை வைப்பார்கள். கல்யாணச் சீர் போலவே வரிசையாகத் தட்டேந்தி, நாதஸ்வரத்தையும் தவிலையும் வாயாலேயே வாசித்தபடி மைதானத்தைச் சுற்றி வருவார்கள். தட்டில் துண்டு சாக்பீஸ் இருக்கும், ஆடுகிற பெஞ்சின் கால் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கேலியோடு தம்பி தங்கைகளின் கையில் கொடுப்பார்கள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம் அண்ணன் ப்ளஸ் டூ. சீருக்கு அவன்தான் தலைமை. முந்தின வருஷம் சீரில் போன பெஞ்சுக் கால் திரும்பி வரவில்லையென்று, பள்ளிக்கூடத்துப் பொருள் ஒன்றும் தட்டில் ஏறக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அண்ணன் கலங்கவில்லை. விழா அன்று, அம்மா குழாயடிக்குப் போயிருந்த சனிக்கிழமைக் காலையில், கோணிப்பையோடு எங்கள் சமையலறைக்குள் புகுந்தான்.

மைதானத்தின் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து, எங்கள் வீடு தட்டுத் தட்டாக ஊர்வலம் வருவதை நான் பார்த்தேன். முதலில் மாவு சல்லடை. கணக்கு சார் நடத்துவதைச் சலித்து எடுத்துக்கொள்ள என்றான் அண்ணன். பிறகு அப்பாவின் குடை, கூரை ஒழுகும் வகுப்புக்கு. அடுத்து மத்து, கடைசி பெஞ்சைக் கடைந்து எழுப்ப. பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும், நாளைக்கு அம்மா எதை வைத்து மோர் கடைவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தட்டு பித்தளைத் தாம்பாளம். அதன் நடுவில், நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு எங்கள் டைம்பீஸ் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்த மண்ணிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

செம்பாக்கத்திலிருந்து ஒரு ப்ளஸ் ஒன் அக்கா வருவாள். ஏரியைச் சுற்றி நடந்து வந்து சேர்வதற்குள் தினமும் மணி அடித்திருக்கும். "தாமத மகாராணிக்குத் தாய்வீட்டுச் சீர்" என்று அண்ணன் தாம்பாளத்தை நீட்டினான். அவள் வெட்கப்படவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, டைம்பீஸைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஓடுமா? இல்ல, உங்க ஜோக் மாதிரி நடுவுல நின்னுடுமா?"

அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். அண்ணன் அடுத்த தட்டைத் தேடித் திரும்பினான், அதுதான் கடைசித் தட்டு. கேலியில் அவன் தோற்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பள்ளி வாசல் கேட்டிலேயே சல்லடை, குடை, மத்து எல்லாம் கோணிக்குத் திரும்பின. டைம்பீஸும் தாம்பாளமும் செம்பாக்கத்துக்குப் போய்விட்டிருந்தன.

அப்பாவுக்குக் கிண்டியில் கம்பெனி வேலை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் காலை ஷிப்ட். தாம்பரத்தில் முதல் லோக்கலை விட்டால் தாமதம்தான், ஏற்கெனவே மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள் என்று அம்மா சாமி படத்துக்கு முன் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அலாரம் அடித்து அவரை எழுப்புகிற அந்த டைம்பீஸுக்கு ராத்திரி சாவி கொடுப்பது என் வேலை. அதைக் காணோம் என்றால் கேள்வி முதலில் என்னிடம்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து அண்ணனை அரித்தேன். போகலாம் போகலாம் என்றான். குளித்தான். அப்பாவின் பவுடரைப் பூசினான். தலையை வாரினான், கலைத்தான், மறுபடி வாரினான். சித்தப்பா கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் பெட்டியடியிலிருந்து இழுத்தான்.

"அண்ணா, டைம்பீஸ் வாங்கத்தானே போறோம்?"

"மனுஷங்க வீட்டுக்குப் போறோம்டி."

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். மார்ச் வெயில் செம்பாக்கம் ஏரியை ஓரத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெடித்த சேற்றில் கொக்குகள், நடுவில் தகரம் போல் மினுங்கும் மிச்சத் தண்ணீர், அதன்மேல் சாய்கிற சூரியன். அண்ணன் சைக்கிளை நிறுத்தி அதை ரசித்தான். பத்து வருஷமாக அந்த ஏரி அங்கேயேதான் இருந்தது, அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அக்காவின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, சீரு வெச்ச மறுநாளே வந்து நிக்கிறியே. திருப்பி வாங்கினு போகவா?"

"சேச்சே. தட்டு வாங்க வந்தேங்க. அம்மா தேடுனாங்க."

அம்மா தேடவேயில்லை. "அண்ணா, டைம்..." என்று ஆரம்பித்தேன். என் காலை மிதித்தான். அதற்குள் அந்த அக்காவே டைம்பீஸை செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நீட்டினாள். கையை நீட்டினால் போதும், எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது.

"வச்சுக்குங்க. எங்க வீட்ல இன்னொண்ணு இருக்கு" என்றான் அண்ணன்.

இன்னொன்றா? மனசுக்குள்ளேயே வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால்கூட இல்லை.

சீர்த் தட்டை வெறுமையாக அனுப்பக் கூடாதென்று அந்த அம்மா அதில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு பந்து கதம்பம் எல்லாம் வைத்துக் கொடுத்தார். டைம்பீஸ் வாங்கப் போன நான் மடியில் தேங்காயோடு திரும்பினேன். வழியெல்லாம் அண்ணன் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள். "என்னடா இது, எங்கயாவது தட்டு மாத்திட்டு வரியா?" அண்ணன் கால் கழுவப் பின்பக்கம் ஓடினான். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், மிதிபட்ட காலையும் காட்டினேன். வசவு பொழியும் என்று காத்திருந்தால், அம்மா கதம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முந்தானைக்குள் சிரிக்கிறாள். வீட்டில் கடிகாரம் இல்லை, விடிந்தால் ஷிப்ட், இவள் சிரிக்கிறாள்.

அப்பாவை எழுப்புவது தன் பொறுப்பு என்றான் அண்ணன். மூஞ்சியில் தண்ணீர் தெளித்தாலும் மறுபக்கம் திரும்பிப் படுக்கிறவன். நான் சாமியை வேண்டிக்கொண்டு படுத்தேன். கண் விழித்தபோது அப்பா போயிருந்தார், லோக்கலைப் பிடித்தும்விட்டார். அண்ணன் குளித்துத் திருநீறு பூசி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த ஷிப்ட் முடியும்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. டைம்பீஸைவிட இவன் தேவலை என்று அப்பா சொல்லிக்கொண்டார். அண்ணனுக்கு அந்த வாரமெல்லாம் ஏன் தூக்கமே வரவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த டைம்பீஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். வாரத்துக்கு ஒருமுறை முள்ளைத் தள்ளி வைக்க வேண்டும். பாவம், அந்த அக்கா மறுபடி தாமதமாகத்தான் வருவாள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும். "அப்போ வாராவாரம் போய் சரி பண்ணிட்டு வரணும்."

"எதுக்குண்ணா? திருப்பி வாங்கிட்டு வந்துட்டா இங்கயே சரி பண்ணிக்கலாமே."

"நீ முதல்ல எட்டாவது பாஸ் பண்ணு" என்று அண்ணன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பவுடர் டப்பாவைத் தேடிப் போனான்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத புத்திசாலித்தனமான யோசனையை நான்தான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்க ஒருத்தருக்கும் காது இல்லையென்று அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.